மணக்குடி மணல்திட்டுகளுக்கு ஒரு குழுநடை: வற்றமும் காற்றும் பார்த்துப் பறவை காணும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கடல் தீவு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை விவேகானந்தர் பாறையும் திருவள்ளுவர் சிலை நிற்கும் பாறையும்தான். கரையிலிருந்து அவற்றுக்குப் படகில்தான் போக முடியும். முட்டம், கடியப்பட்டினம் பகுதியில் கடலுக்குள் தெரியும் பாறைகளை எந்த வற்றத்திலும் நடந்து எட்ட முடியாது, முயலவும் கூடாது. நீர் இறங்கும்போது தலைகாட்டி ஏறும்போது மறையும் திட்டுகளை நடந்துபோய்க் காண விரும்பும் குழுவுக்குப் பொருத்தமான இடம், பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் கழிமுகமே. கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவில் கிடக்கும் அந்த நீர்ப்பரப்பில் மணல்திட்டுகளும் சேற்றுப்படுகைகளும் அலையாத்திச் செடிகளும் உண்டு. சற்று உள்ளே தள்ளி, புத்தளம், சாமித்தோப்புப் பக்கங்களில் உப்பளங்கள் விரிகின்றன. நீர் வற்றும்போது பறவைகள் திட்டுகளில் இரை தேடுகின்றன. நீர் ஏறும்போது உப்பளப் பாத்திகளுக்கும் வரப்புகளுக்கும் ஒதுங்குகின்றன. இந்தப் போக்குவரத்தைப் புரிந்துகொண்டால் நடையின் திட்டம் பாதி முடிந்துவிட்டது.

வலசைப் பறவைகளைப் பார்க்க ஏற்ற காலம் நவம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரை. அக்டோபரிலேயே பல இனங்கள் வந்துவிடும் என்றாலும், வடகிழக்குப் பருவமழையில் பழையாறு பெருக்கெடுத்தால் திட்டுகள் வெளியே தெரியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வீசும் காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்யும். அந்த மாதங்களில் உள்ளான், உப்புக்கொத்தி ஆகிய சிறு கரைப்பறவைகள் பெரும்பாலும் வடக்கே இனப்பெருக்கத்துக்குப் போயிருக்கும். ஆகையால் புதியவர்கள் உள்ள குழு ஜனவரியையோ பிப்ரவரியையோ தேர்ந்துகொள்வது நல்லது.

கிழமையையும் யோசிக்க வேண்டும். கடலோர ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலோர் கடலுக்குப் போவதில்லை; கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களுக்கும் விரித்துக் காயப்போட்ட வலைகளுக்கும் இடையே ஒதுங்கி நடக்கவேண்டியிருக்கும், காலைத் திருப்பலி முடியும்வரை தேவாலயத்தைச் சுற்றி வண்டிகளை நிறுத்தினால் ஊராருக்கு இடைஞ்சலாகும். மற்ற நாட்களில் கரையில் மீன் ஏலமும் வேலையும் நடக்கும். காகங்களும் பருந்துகளும் கடற்காகங்களும் அங்கே கூடுவதால் பறவை பார்ப்பவர்களுக்கு அதுவும் ஒரு வாய்ப்புத்தான். வலையின் மேல் மட்டும் யாரும் கால் வைக்கக் கூடாது.

நீரின் கணக்கு

இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். குஜராத்தின் பவநகர்க் கடலில் அது பத்து மீட்டர் அளவுக்குப் போகும். அங்கே மைல்கணக்கில் கடல் விலகும் காட்சியைப் படத்தில் பார்த்துவிட்டு அதை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் மணக்குடித் திட்டுகள் மிகத் தாழ்ந்தவை. அரை அடி நீர் இறங்கினாலே ஏக்கர்கணக்கில் சேறு வெளிப்படும், அரை அடி ஏறினாலே வந்த வழி மறைந்துவிடும்.

ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடைவெளி ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 7 மணிக்கு வற்றம் என்றால் நாளை அது ஏறக்குறைய 7.50 ஆகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வேறுபாடு கூடுதலாகவும் அட்டமியை ஒட்டிக் குறைவாகவும் இருக்கும். ஆகவே முதலில் வீட்டு நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி நாட்களைக் குறித்துக்கொண்டு, பிறகு ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் ஓத அட்டவணையில், அதாவது ஏற்ற வற்ற நேரங்களின் பட்டியலில், காலை 8 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் வற்றம் வரும் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் ஒரு மணி நேரத்தில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். நடுவிலுள்ள மூன்றாம், நான்காம் மணி நேரங்களில் மட்டும் பாதி ஏறிவிடும். முதல் மணி நேரத்தின் மெதுவான ஏற்றத்தைப் பார்த்து இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைப்பவர்கள்தாம் சிக்கிக்கொள்கிறார்கள். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கடைசி இடத்தை அடைந்து, வற்ற நேரத்தில் திரும்பத் தொடங்குவது பாதுகாப்பான ஏற்பாடு.

இந்த அட்டவணை திறந்த கடலுக்கானது என்பதை மறக்கக் கூடாது. கழிமுகத்துக்குள்ளே ஆற்றுநீர் வடிய வேண்டியிருப்பதால், வெளியே கடல் ஏறத் தொடங்கிய பிறகும் உள்ளே சிறிது நேரம் நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியமானது பொழிமுகத்தின், அதாவது கழிமுகம் கடலில் திறக்கும் வாயின், நிலை. மழையற்ற மாதங்களில் அலை ஒதுக்கும் மணல் பொழியை அடைத்துவிடுவது உண்டு. அடைந்துவிட்டால் உள்ளே ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை, குளம்போல ஒரே மட்டத்தில் நீர் தேங்கி நிற்கும், சில சமயம் திட்டுகள் நாட்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். எந்தச் செயலியும் இதைச் சொல்லாது. முந்தின நாள் மாலையில் குழுவில் ஒருவர் போய், கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம், "அண்ணாச்சி, பொழி திறந்து கிடக்கா, அடைஞ்சிருக்கா?" என்று கேட்டு வருவதுதான் வழி. எந்த இடத்தில் சேறு ஆளை இழுக்கும், எங்கே அடிமணல் உறுதியாக இருக்கும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

பொழி திறந்திருக்கும்போது அதன் வாயைக் கடக்க எக்காரணம் கொண்டும் முயலக் கூடாது. வற்றத்தில் உள்நீர் முழுவதும் அந்தக் குறுகிய வாய்வழியே கடலுக்குப் பாயும். முழங்கால் அளவு ஆழம்போலத் தெரியும் இடத்திலும் காலடி மணலை அரித்துக்கொண்டு ஓடும். கிழக்கும் மேற்கும் பார்க்க விரும்புவோருக்குப் பாலம் இருக்கிறது. 2004 சுனாமியில் மணக்குடிப் பாலம் உடைந்ததை அந்த ஊர்க்காரர்கள் யாரும் மறக்கவில்லை. அந்த நீரைப் பற்றி அவர்கள் ஒரு எச்சரிக்கை சொன்னால் மறுபேச்சின்றிக் கேட்க வேண்டும். உள்திட்டுகளுக்குப் போகும்போதும் முழங்காலுக்கு மேல் நீர் இருந்தால் திரும்பிவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நலம்.

ஓதத்தைவிட இங்கே பெரிய ஆபத்து கள்ளக்கடல். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயலில் எழும் நீண்ட அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, காற்றில்லாத அமைதியான நாளிலும் இந்தக் கரையில் திடீரென ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகிலுள்ள லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தபோது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. மேலே சொன்ன அதே மையம்தான் இந்த எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. அது இருக்கும் நாளில் கடலை ஒட்டிய நடை கிடையாது என்று குழுவின் அழைப்பிலேயே எழுதிவிட வேண்டும். கரையைக் காக்கக் கடலுக்குள் கல் கொட்டி அமைத்த தூண்டில் வளைவுகளின் பாறைகள் மேல் ஏறுவதையும் எல்லா நாளும் தடுக்க வேண்டும். கரைக்கொக்கும் ஆலா என்னும் கடற்பறவையும் அங்கே உட்கார்ந்திருப்பதைக் கீழிருந்தே பார்த்துக்கொள்ளலாம்; பாசி படிந்த கற்களின் இடுக்கில் கால் மாட்டினால் அடுத்த அலைக்குள் வெளியே எடுப்பது எளிதன்று.

காற்று

குமரி மாவட்டத்துக்குக் காற்று புதிதன்று. ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தல் காற்றாலைகளுமே அதற்குச் சாட்சி. கடற்கரை நடைக்கு எந்த அளவு காற்று தாங்கும் என்பதை உணர்வுக்கு விட்டுவிடாமல் எண்ணால் முடிவு செய்ய வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வரை இருந்தால் வசதியாக நடக்கலாம். 30-ஐ நெருங்கும்போது தொலைநோக்கி நடுங்கத் தொடங்கும், மணல் கணுக்காலில் அடிக்கும், ஆனாலும் சமாளிக்கலாம். குமரிக்கடலில் மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் சூறைக்காற்று வீசக்கூடும் என்று வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு அறிவித்திருந்தால் அது நடப்பவர்களுக்குமான அறிவிப்பே. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இந்தக் கரையில் செய்த அழிவுக்குப் பிறகும் அந்த அறிவிப்பை மீனவர்களுக்கு மட்டும் உரியதாக எண்ணுவது பொறுப்பின்மை.

பொதுவாகக் குளிர்கால விடியலில் காற்று குறைவாக இருக்கும். நிலம் சூடேறி முற்பகல் கழியும்போது கடற்காற்று வலுக்கும். எனவே 6.15 மணிக்கு நடையைத் தொடங்கி 10 மணிக்குள் திறந்த மணலை விட்டு வெளியேறும்படி திட்டமிட வேண்டும். கீழமணக்குடிக் கரையிலிருந்து மேற்கு நோக்கிப் பார்ப்பது காலைக்கு ஏற்றது. சூரியனும் வாடைக்காற்றும் முதுகுப்பக்கம் இருக்கும், பறவைகளின் நிறம் தெளிவாகத் தெரியும், கண்ணாடிவில்லையில் மணல் அடிக்காது. மாலை நடை என்றால் இதே காரணத்துக்காக மேலமணக்குடிக் கரைக்கு மாறிக்கொள்ள வேண்டும். கரை மாற்றி நின்றதாலேயே, சூரியனுக்கு எதிரே எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரிந்து, எதையும் அடையாளம் காணாமல் திரும்பும் குழுக்கள் உண்டு.

பறவைகளின் நடத்தையைக் காற்று மாற்றுவதை அறிந்து வைத்திருப்பது பயன் தரும். திட்டில் ஓய்வெடுக்கும் ஆலாக்களும் கடற்காகங்களும் காற்றை எதிர்நோக்கி ஒரே திசையில் உட்கார்ந்திருக்கும்; எழும்பும்போதும் காற்றை எதிர்த்தே எழும்பும். காற்று நம் முதுகில் அடித்தால் அவை நம் பக்கமே முகம் காட்டும் என்பதால் மார்பும் அலகும் நன்றாகத் தெரியும், முதுகின் கோலம் தெரியாது. சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்து நின்றால் இரண்டும் கிடைக்கும். கொசு உள்ளான் போன்ற சிறியவை காற்று மிகுந்தால் உப்பள வரப்பின் மறைவிலும் கால்தடக் குழிகளிலும் பதுங்கிவிடும், ஆகவே வெறுமையாகத் தெரியும் மணலை அவசரப்பட்டுக் கடந்துவிடக் கூடாது. குரலைக் கேட்டு இனம் காண்பது காற்றில் கடினம். பவளக்காலியின் கூர்மையான கத்தல் மட்டும் எப்படியோ கேட்டுவிடும்.

கருவிகளுக்கும் சிறு ஏற்பாடுகள் வேண்டும். முக்காலியின் கால்களை முழுதாக நீட்டாமல், தாழ்த்தி விரித்து, நடுத்தண்டில் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டு, முழந்தாளிட்டுப் பார்ப்பது காற்றில் நடுக்கத்தைப் பெரிதும் குறைக்கும். வில்லையில் மணல் படிந்தால் துணியால் துடைக்கவே கூடாது. ஊதுபந்தால் ஊதி அகற்றிய பிறகே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நிரந்தரக் கீறல் விழும். குடை பயன்படாது. கயிறு கட்டிய தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, நனைந்தால் சீக்கிரம் உலரும் கால்சட்டை, குதிகாலில் பட்டையுள்ள செருப்பு ஆகியவை போதும். சேற்றில் சாதாரணச் செருப்பு கழன்றுவிடும், வெறுங்காலைச் சிப்பி கிழிக்கும். காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் தாகம் தெரியாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கட்டாயம். திரும்பிய பிறகு கட்டன் சாயாவும் ரசவடையும், பனங்காலமானால் அக்கானி எனப்படும் பதநீரும் கிடைக்கும், ஆனால் அவற்றை நம்பித் தண்ணீரைக் குறைக்கக் கூடாது.

குழு

பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் பறவைகளும் தாங்காது, நடத்துபவரும் தாங்கமாட்டார். அதற்கு மேல் ஆட்கள் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றைக் கழிமுகத்துக்கும் மற்றொன்றை உப்பளத்துக்கும் அனுப்பிப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். முன்னே வழியறிந்த ஒருவரும் கடைசியில் பொறுமையுள்ள ஒருவரும் நடக்க வேண்டும். கடைசியில் வருபவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. காற்றில் பத்தடி தள்ளிப் பேசுவதே கேட்காது என்பதால் சைகைகளை முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. கை உயர்ந்தால் நிற்பது, கை தாழ்ந்தால் உட்கார்வது, தலைக்கு மேல் கை சுழன்றால் உடனே கரைக்குத் திரும்புவது என்ற மூன்றுமே போதும். சைகையை முதலில் பார்த்தவர் அப்படியே பின்னாலுள்ளவருக்குக் கடத்த வேண்டும். தொலைபேசியில் கூப்பிட்டால் காற்றின் இரைச்சல்தான் கேட்கும்.

சுசீந்திரம், தேரூர், மணக்குடி நீர்நிலைகள் வனத்துறையின் கண்காணிப்பில் உள்ளவை. குழுவாகப் போகும்போது நாகர்கோவிலிலுள்ள மாவட்ட வன அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுவது முறை. உப்பளங்கள் வேலை நடக்கும் இடங்கள். பாத்தி வரப்பில் நடந்தால் ஓரம் இடிந்து, உப்பு விளையும் பாத்தியில் சேறு கலக்கும். கண்காணியிடம் கேட்டு, அவர் காட்டும் வண்டிப்பாதையில் மட்டும் நடக்க வேண்டும்.

பறவைகளை எழுப்பாமல் பார்ப்பதே இந்த நடையின் அடிப்படை ஒழுக்கம் என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வற்றம் சில மணி நேரம்தான். அந்த நேரத்துக்குள் உண்டதை வைத்துத்தான் அவை நீண்ட பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை எழும்பிப் பறக்கும்போதும் உண்ட இரையின் ஒரு பகுதி வீணாகிறது, காற்றை எதிர்த்துப் பறந்தால் இன்னும் கூடுதல். மேய்ந்துகொண்டிருந்த பறவை நிமிர்ந்து நின்று கழுத்தை நீட்டினாலோ, தலையை மேலும் கீழும் அசைத்தாலோ, கூட்டம் ஒரே திசையில் நடந்து விலகினாலோ, நாம் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும், சில நிமிடங்களில் அவை மீண்டும் மேயத் தொடங்கும். பறவைகள் அமர்ந்திருக்கும் திட்டில் கால் வைக்காமல், அதற்கு எதிரிலுள்ள வெற்றுத் திட்டிலிருந்து பார்ப்பதுதான் சரி. பறக்கும் படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடும் படப்பிடிப்பாளர் எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும் அடுத்த நடைக்கு அவரை அழைக்காமல் இருப்பதே நல்லது.

எவற்றைப் பார்க்கலாம்

முதலில் உருவத்தில் பெரியவற்றிலிருந்து தொடங்கினால் புதியவர்களுக்குக் கண் பழகும். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, சில ஆண்டுகளில் உப்பளங்களில் இறங்கும் பூநாரை ஆகியவற்றை வெறுங்கண்ணாலேயே அறியலாம். சிவந்த நீண்ட கால்களுடன் நடக்கும் நெடுங்கால் உள்ளான் உப்பளங்களில் ஏராளம். அடுத்து நடையைக் கவனிக்க வேண்டும். ஓடி, சட்டென்று நின்று, குனிந்து கொத்தி, மறுபடி ஓடுவது உப்புக்கொத்தி; நிற்காமல் தையல் இயந்திர ஊசிபோலச் சேற்றைக் குத்திக்கொண்டே போவது கொசு உள்ளான். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் சிறு பறவைகளின் குழப்பம் பெருமளவு தீரும். பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளை தெரிந்தால் பவளக்காலி. சிறகு முழுதும் கருமையாக இருந்து முதுகில் மட்டும் வெள்ளை ஆப்புப் போலத் தெரிந்தால் பச்சைக்காலி.

ஆலாக்களில் அலகைப் பார்க்க வேண்டும். கறுத்துத் தடித்த அலகோடு உப்பளத்தின் மேல் தாழப் பறந்து பூச்சியும் நண்டும் பிடிப்பது பருத்த அலகு ஆலா. கடற்காகம் அளவுக்குப் பெரிதாக, தடித்த சிவந்த அலகோடு தனித்து நிற்பது காஸ்பியன் ஆலா. அவற்றோடு கலந்து நிற்கும் பழுப்புத் தலைக் கடற்காகம் லடாக்கிலும் திபெத்திலும் உள்ள உயரமான ஏரிகளில் இனப்பெருக்கம் செய்துவிட்டு இங்கே வருவது. குளிர்காலத்தில் அதன் தலை பழுப்பாக இருக்காது, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளிதான் இருக்கும். பெயரை நம்பித் தேடினால் கிடைக்காது. எல்லாப் பறவையும் ஒரே நேரத்தில் எழும்பினால் வானத்தைப் பார்க்க வேண்டும்: விராலடிப்பானோ செம்பருந்தோ வட்டமிட்டுக்கொண்டிருக்கும்.

எண்ணும்போது பத்துப் பறவைகளை ஒரு கட்டாகக் கண்ணால் அளந்து, அந்தக் கட்டு கூட்டத்தில் எத்தனை முறை அடங்கும் என்று பார்க்க வேண்டும். ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதலாம். காற்றில் தாள் பறக்காமலிருக்க அட்டையில் இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் மாட்டிக்கொள்ள வேண்டும். ஐயமுள்ளதை இனப்பெயரின்றி "உப்புக்கொத்தி, 40" என்று எழுதுவதில் குறைவொன்றும் இல்லை. நடை பொங்கல் விடுமுறையில் அமைந்தால், தமிழ்நாடு முழுவதும் அந்நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் பட்டியலையும் இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளம் வழியாகச் சேர்த்துவிடலாம்.

காற்றோ அலையோ அனுமதிக்காத நாளில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. சுசீந்திரம் குளமும் தேரூர்க் குளமும் உள்ளே தள்ளி இருப்பதால் அங்கே ஓதமும் கள்ளக்கடலும் இல்லை, தென்னைகளும் கரைகளும் காற்றின் வேகத்தையும் சற்றுத் தணிக்கும். 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இந்த நீர்நிலைகளில் நீளவால் இலைக்கோழி, பாம்புத்தாரா, நீலத் தாழைக்கோழி, மீசை ஆலா ஆகியவற்றைக் கரையில் நின்றபடியே பார்க்கலாம். இந்த மாற்றுத் திட்டத்தை அழைப்பிலேயே குறிப்பிட்டுவிட்டால், காலை 5 மணிக்கு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு இடத்தை மாற்றுவதில் யாருக்கும் மனத்தாங்கல் இராது.

பெருங்காற்றுக்கு மறுநாள் கரையில் நடந்தால் ஆழ்கடல் பறவை ஏதேனும் களைத்து ஒதுங்கிக் கிடப்பதைக் காண நேரலாம். அதைக் கடலுக்குள் தூக்கி வீசுவதோ, வாயில் தண்ணீர் ஊற்றுவதோ அதன் உயிருக்கு ஆபத்து. துண்டால் மூடி எடுத்து, காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, நாய்கள் அண்டாமல் பார்த்துக்கொண்டு வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். எடுக்கும்போது அலகு கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். கடற்பறவைகள் முகத்தை நோக்கிக் கொத்தும்.